இரவல் காலின் ஏழு கோல்கள்

திருச்சூர் மைதானத்தில் நான் மூன்று கோல் போட்ட அன்று, எருத்தேன்பதியில் எங்கள் தோட்டத்தில் கடலை பிடுங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் பேப்பரில் என் பெயர் வந்துவிட்டது. அப்பா அதைக் கண்ணாடி போட்டு ஒரு முறை, கழற்றிவிட்டு ஒரு முறை படித்தார். முழங்கால் வரை செம்மண்ணோடு நின்ற என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏன்டா, நேத்துப் பொழுது சாயற வரைக்கும் நீ நம்ம காட்டுலதானே இருந்தே?"

"ஆமாங்கப்பா."

"அப்புறம் திருச்சூருல பந்து உதைச்சது ஆருடா?"

"அதே பேருல வேற ஒரு பையனுங்க."

"அவனாச்சும் உருப்படியா ஒரு வேலை செய்யறானே" என்று சொல்லிவிட்டு அப்பா பேப்பரை மடித்து வைத்தார். நான் குனிந்து அடுத்த செடியைப் பிடுங்கினேன். வெட்கமா சிரிப்பா என்று எனக்கே தெரியவில்லை.

மலபார் சென்னை ராஜ்ஜியத்தோடு இருந்த கடைசி வருஷங்கள் அவை. பாலக்காட்டுக் கல்லூரியில் நான் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். கல்லூரிகளுக்கு இடையே நடக்கும் கால்பந்துப் போட்டிக்குப் பிரின்சிபால் கையெழுத்திட்ட பெயர்ப் பட்டியல் ஒன்று போகும். அதில் பெயர் இருக்கும், போட்டோ இருக்காது. இந்த ஓட்டை வழியாக எத்தனையோ கல்லூரிகள் வெளியாளைக் கொண்டுவந்து இறக்கின. எங்கள் பக்கத்தில் அதற்கு 'எரவல் காலு' என்று பெயர். தப்பு என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பக்கத்துக் கல்லூரிக்காரன் செய்யும்போது மட்டும்தான் தப்பு.

எங்கள் கல்லூரியின் இரவல் கால், மார்க்கெட்டில் வற்றல் மிளகாய் மண்டி வைத்திருந்த ராவுத்தர் ஒருவரின் மகன். எட்டாவதோடு படிப்பை நிறுத்தி மண்டியில் உட்கார வைத்துவிட்டார்கள். மூட்டை இறக்கி முடித்ததும் கோட்டை மைதானத்துக்கு ஓடி வந்து வெறுங்காலில் பந்து விளையாடுவான். எங்கள் கேம்ஸ் மாஸ்டர் அவனை அங்கேதான் பார்த்தார். பார்த்த அன்றே என்னைக் கூப்பிட்டு அவன் பக்கத்தில் நிறுத்தினார். ஒரே உயரம், ஒரே கறுப்பு. நான் டீமில் எட்டாம் நம்பருக்கு மாற்று ஆள். பந்து என் காலுக்கு வந்தால் எதிரணிக்காரன்கூட இரக்கப்படுவான். அதனால் வெளியூர் ஆட்டங்களில் என் பெயரில் அவன் இறங்குவது என்று முடிவாயிற்று. உள்ளூரில் அவன் முகம் எல்லோருக்கும் தெரியும். உள்ளூர் ஆட்டங்களுக்கு எனக்கு முழங்கால் வலி வந்துவிடும். துணியைச் சுற்றிக்கொண்டு கோட்டுக்கு வெளியே நொண்டுவேன்.

அவனும் நானும் அப்படித்தான் சிநேகிதரானோம். என்னை அவன் கேலியாகக் 'கவுண்டரே' என்பான், நான் அவனை 'ராவுத்தரே' என்பேன். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பிறகு மண்டிக்குப் போவேன். யாராவது கேட்டால் நான் முழிக்கக் கூடாதல்லவா? மிளகாய் மூட்டை மேல் உட்கார்ந்து ஒவ்வொரு கோலையும் எனக்கு ஒப்பிப்பான். நெடியில் நான் தும்மிக்கொண்டே கேட்பேன். அந்த வருஷம் மொத்தம் ஏழு கோல், ஒரு கோப்பை. ஏழும் எனக்கு மனப்பாடம்.

அடுத்த வருஷம் கல்லூரி ஆண்டு விழா வந்தது. டீம் தொடங்கிய நாளிலிருந்து ஆடிய ஃபார்வர்டுகளில் தலைசிறந்த மூன்று பேர் யார் என்று தீர்மானித்து, தேக்குப் பலகையில் பெயர் எழுதி ஹாலில் மாட்டுவது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். ஊர் இரண்டுபட்டது. ஹாஸ்டல் மெஸ்ஸில் சாம்பார் ஆறிப்போகும் வரை சண்டை. சலூனில் ஒருவர் பாதி மீசையோடு எழுந்து நின்று வாதாடினார் என்று கேள்வி. கடைசியில் பிரின்சிபால், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு எல்லோரும் வாருங்கள், கூடிப் பேசி முடித்துவிடலாம் என்றார்.

இதெல்லாம் எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது, நடுவராக ரயில்வே அதிகாரி ஒருவர் வருகிறார் என்று கேள்விப்படும் வரை. எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் அவர். ரயில்வே டீமுக்கு ஆள் எடுப்பவரும் அவரே. ஒரு ஃபார்வர்டு தேடிக்கொண்டிருந்தார். ஆள் சரியாக இருந்தால் வேலையும் பந்தும் ஒன்றாகக் கிடைக்கும்.

ராவுத்தருக்கு அது உயிர்ப் பிரச்சினை. உடும்பஞ்சோலையில் அவன் மாமாவுக்கு ஏலக்காய்க் கடை. கூட்டத்துக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் பஸ் ஏறி அங்கே போய் உட்கார வேண்டும் என்று அவன் அத்தா சொல்லிவிட்டார். "அங்க மைதானம்னு சொன்னா மலைதான் கவுண்டரே. பந்தை உதைச்சா அது கீழே போடி ஊருக்குப் போய்த்தான் நிக்கும்" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான், ஆனால் கண் சிரிக்கவில்லை.

"ரயில்வேக்காரர்கிட்ட நேரா போய்க் கேளேன்" என்றேன்.

"என்னன்னு கேக்கறது? மார்க்கெட்டுல பந்து உதைக்கறவன் நூறு பேரு. எழுத்துல என் பேர்ல ஒரு கோலாச்சும் இருக்கா?"

கேம்ஸ் மாஸ்டரிடம் போனோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, "எடோ, ஒரட்சரம் மிண்டருது" என்றார், வாயைத் திறக்காதே என்று. கோப்பை போய்விடும், தன் வேலையும் போய்விடும் என்று பயந்தார். எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. ராவுத்தரிடம், "நீ கூட்டத்துக்கு வந்து உக்காரு. அந்தாளு கண்ணுல உன்னைப் படவெக்கறது எம் பொறுப்பு" என்றேன். எப்படி என்று அவனும் கேட்கவில்லை, எனக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சயின்ஸ் கேலரி வகுப்பில் கூட்டம். படிப்படியாக ஏறிப்போகும் பெஞ்சுகளில் நாற்பது பேர் இருப்பார்கள். கீழே மேஜைக்குப் பின்னால் பிரின்சிபால், பக்கத்தில் ரயில்வேக்காரர். கோட்டுப் பையில் சின்ன நோட்டுப் புத்தகம், குறைந்த பேச்சு. கேம்ஸ் மாஸ்டர் கதவருகே நின்றுகொண்டிருந்தார். உண்மை தெரிந்த டீம்காரர்கள் கடைசி பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து கூரையில் பல்லி தேடினார்கள். ராவுத்தர் வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலை ஒட்டி உட்கார்ந்திருந்தான். நான் இரண்டாம் வரிசை.

முதல் பெயர் சண்டையில்லாமல் தேறியது. ஒற்றப்பாலத்திலிருந்து வந்த பழைய ரைட் அவுட் ஒருவர். அவர் கோட்டை ஒட்டி ஓடினால் சுண்ணாம்புத் தூள் கிளம்பும் என்று கெமிஸ்ட்ரி ஆசிரியர் சொன்னதும் எல்லோரும் கை தட்டினார்கள். இரண்டாவது, யுத்தத்துக்கு முன்னால் ஆடிய கல்பாத்தி சென்டர் ஃபார்வர்டு. அவருக்காக எழுந்தவர் கல்பாத்தி வக்கீல் ஒருவர். கோட்டை மைதானத்தில் எங்கள் கல்லூரி ஆடினால் கோர்ட்டை விட்டு ஓடி வருகிற பித்தர் அவர். அரை மணி பேசினார், அந்தப் பெயரும் தேறியது. மூன்றாவது என் பெயர்.

அதைச் சொன்னதும் என் காது இரண்டும் சூடாகிவிட்டன. பின்னால் மாணவர்கள் மேஜையைத் தட்டினார்கள். "வெளியூர்ப் புலி!" என்று ஒருவன் கத்தினான். கோழிக்கோட்டு கோல், மங்களூர் கோல் என்று ஒவ்வொன்றாக எழுந்து சொன்னார்கள். சொன்னவர்களில் பாதிப் பேர் பாலக்காட்டைத் தாண்டாதவர்கள். ரயில்வேக்காரர் நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு என் கால்களைப் பார்த்தார். நான் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

அப்போது வக்கீல் மறுபடி எழுந்தார்.

"ஒரு நிமிஷம். இவனைக் குறைச்சுச் சொல்லலை. ஆனா திருச்சூர் ஆட்டத்தை நான் நேர்ல பார்த்தவனாக்கும்! கேஸ் விஷயமா போயிருந்தேன், மழைல கடைசி வரிசைலேர்ந்து பார்த்தேன். இதே ஆள், இதே கால். முதல் ரெண்டு கோலும் ஒத்துக்கறேன். ஜெயிச்சுக் குடுத்த மூணாவது கோல் இருக்கே, அது கோலே இல்லை. சறுக்கி விழுந்தான். விழறச்சே பந்து கால்ல பட்டு உள்ளே போச்சு. காக்கா உக்காரப் பனம்பழம் விழுந்த கதை. அதுக்குப் போய்ப் பலகையா?"

சிரிப்பு எழுந்தது. நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ராவுத்தரின் முகம் மாறிவிட்டது. அவனை என்ன சொல்லித் திட்டினாலும் தாங்குவான். அந்தக் கோலைத் திட்டினால் தாங்க மாட்டான். வேண்டாம் என்று கண்ணால் ஜாடை காட்டினேன். அவன் எழுந்துவிட்டான்.

"அது சறுக்கி விழுந்தது இல்லீங்க" என்றான். "வேணும்னே விழுந்தது. ஈர மண்ணு. கோல்கீப்பர் வலது பக்கம் சாஞ்சு நிக்கறான். வலது கால்ல அடிச்சா நேரா அவன் கைக்குப் போவும். இடது காலுக்கு மாத்தணும், பின்னாடியே ஒருத்தன் வர்றான், மாத்த நேரமில்ல. ஒடம்பை வலப்பக்கம் விழ விட்டாத்தான் இடது காலு பந்துக்கு வரும். பாதத்துக்கு வெளிப்பக்கத்தால, சுண்டு விரலு கிட்ட, ஒரு தட்டு. பந்து அவனைச் சுத்தி வளைஞ்சு போச்சு. விழாம அந்தக் கோலைப் போட முடியாதுங்க."

யாரும் சிரிக்கவில்லை. கேம்ஸ் மாஸ்டர் கதவைப் பிடித்துக்கொண்டார்.

ரயில்வேக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். "எங்க நின்னு பாத்தீங்க தம்பி?"

ராவுத்தர் ஒரு கணம் என்னைப் பார்த்தான். "கோலுக்குப் பின்னாடிங்க."

"சுண்டு விரலு அங்கிருந்து தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுதுங்க."

"ஆடுவீங்களா?"

"மார்க்கெட் டீம்ல ஆடறேங்க."

ரயில்வேக்காரர் அவன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நோட்டில் ஒரு வரி எழுதினார். "நாளைக்குக் காலைல ஏழு மணிக்குக் கோட்டை மைதானத்துக்கு வாங்க. கொஞ்ச நேரம் பந்து உதைச்சுப் பாக்கலாம்."

அவ்வளவுதான். காரியம் முடிந்தது. நான் கொடுத்த வாக்கை அவனே நிறைவேற்றிக்கொண்டான். நான் செய்ய வேண்டியதெல்லாம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான். மூச்சு விட்டேன். ராவுத்தர் உட்கார்ந்து சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டான்.

வக்கீலுக்கு அது போதவில்லை. வாதத்தில் தோற்று வழக்கமில்லாதவர்.

"நன்னா இருக்கு! ஆடினவன் வாயில கொழுக்கட்டை. வத்தல் எடை போடறவன் வக்காலத்து வாங்கறான். ஏண்டாப்பா, நோக்கு மிளகாயைப் பத்தித் தெரியும், சரி. ஃபுட்பால் பத்தி என்ன தெரியும்?" என்று அவனிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. இந்தக் காலாலதானே போட்டே? வேணும்னேதான் விழுந்தியா?"

நாற்பது தலையும் என் பக்கம் திரும்பின. 'ஆமாங்க' என்று ஒரு வார்த்தை போதும். வருஷம் முழுக்கப் பொய் சொன்ன வாய், இன்னொரு பொய் அதற்குப் பாரமா? ராவுத்தர் என்னைப் பார்த்து மெதுவாகத் தலையாட்டினான், ஆமென்று சொல்லிவிடு என்பதுபோல.

ஆனால் எனக்குக் கோபம் மூக்கு மேலே. அன்று மட்டுமல்ல, இன்றைக்கும் அப்படித்தான். வத்தல் எடை போடறவன் என்ற சொல் நெஞ்சில் மிளகாய்ப் பொடியாக எரிந்தது. அந்த வக்கீலின் மூக்கை உடைக்க வேண்டும், அந்த நிமிஷத்தில் எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை.

எழுந்தேன்.

"வக்கீலய்யா, நீங்க கண்ணுல பாத்தது என்னை இல்லீங்க! அன்னிக்கு நான் எங்க தோட்டத்துல கடலை புடுங்கிட்டு இருந்தனுங்க. அந்த வருஷம் நான் ஒரு பந்தைக்கூடத் தொடல. ஏழு கோலும் எம் பேர்ல போட்டது இதோ, இந்த மிளகாய் விக்கறவன்தானுங்க! எந்திரி ராவுத்தரே, உங் காலைக் காட்டு, பாக்கட்டும்!"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது தன்னை மட்டும்தான் கெடுத்துக்கொள்ளும்.

ராவுத்தர் எழவில்லை. வக்கீல் வாய் திறந்தபடி நின்றார். அவர் முகத்தைப் பார்த்து எனக்கு ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இனித்தது. அதற்குள் கூச்சல் கிளம்பிவிட்டது. பிரின்சிபால் மேஜையை அறைந்து, "இது உண்மையா?" என்று கேம்ஸ் மாஸ்டரைக் கேட்டார். கேம்ஸ் மாஸ்டர் தரையைப் பார்த்தார். அதுவே பதிலாயிற்று.

ரயில்வேக்காரர் நோட்டை மூடிக் கோட்டுப் பையில் வைத்தார். படியேறி என் பெஞ்சருகே வந்தார். கோபமே இல்லை அவர் குரலில்.

"தம்பி, அந்தப் பையன் பேசின உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. யாரும் எங்கிட்டச் சொல்லாத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு இருந்திருப்பேன். இப்ப நாப்பது பேர் முன்னால காதுல விழுந்துடுச்சு. ஆள் மாறாட்டம் பண்ணினவனை எப்படிப்பா எடுப்பேன்?"

"நான்தானுங்க பேரைக் குடுத்தேன், அவனுக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று உளறினேன். அவர் என் தோளைத் தட்டிவிட்டு இறங்கிப் போனார். ஜன்னலருகே கொஞ்சம் நின்று ராவுத்தரைப் பார்த்தார். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ராவுத்தர் கோட்டை மைதானத்துக்குப் போனான் என்றும், எட்டு மணி வரை தனியாக நின்றான் என்றும் பிறகு தெரிந்தது.

அந்த வாரமே கோப்பையைத் திருப்பி அனுப்பினார்கள். கேம்ஸ் மாஸ்டர் நீண்ட லீவில் போனார், திரும்பவில்லை. எனக்கு ஒரு மாதம் கல்லூரிக்குள் கால் வைக்கத் தடை. விளையாட்டு ரிஜிஸ்டரில் அந்த வருஷத்து வெளியூர் ஆட்டங்கள் எல்லாவற்றின் மேலும் பிரின்சிபால் தன் கையால் சிவப்பு மையில் கோடு இழுத்தார். பலகையில் இரண்டு பெயர்தான் எழுதினார்கள்.

என்னைத் திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். நடந்தது நேர்மாறு. 'உண்மையைச் சொன்ன பையன்' என்று ஊரில் பேர் வந்தது. அந்த வக்கீலே வழியில் நிறுத்தி, "நோக்கு நெஞ்சுரம் ஜாஸ்திடா" என்று கையைக் குலுக்கினார். அப்பாவுக்கு மட்டும் சந்தோஷமில்லை. "அந்தப் பையன் என்னடா ஆனான்?" என்று கேட்டார். நான் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்கு இறங்கினேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்மா விட்டதும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பொள்ளாச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து பஸ் மாறி மாறிப் போடி போய் மலையேற வேண்டும். ராவுத்தர் தகரப் பெட்டியைக் கூரை மேலே ஏற்றிவிட்டு இறங்கி வந்தான். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. திருப்பியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தப்புப் பண்ணிப்போட்டேன் ராவுத்தரே" என்றேன். "உனக்கு நல்லதாகும்னுதான் வாயைத் தொறந்தேன்."

"பொய் சொல்லாதே கவுண்டரே. அவரு என்னை வரச் சொன்னது உன் காதுலயும் விழுந்துது. எனக்காகச் சொல்லலே நீ. வக்கீல் பேச்சு உனக்குப் பொறுக்கலே, அதான் சொன்னே."

நான் தலை குனிந்து நின்றேன். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அழக்கூட எனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"வேலை போனது போவட்டும்" என்றான். "கெடைக்கும்னு நம்பினதே ஒரு நாளுதான். ஆனா அந்த ஏழு கோலு... உன் பேர்லயாச்சும் அது கெடந்துது. நான் உடும்பஞ்சோலைல ஏலக்காய் பொறுக்கிட்டு உக்காந்தாலும், பாலக்காட்டுல ஒரு பலகைல அது இருக்குன்னு நெனச்சுக்குவேன். மேல எழுதற பேரு யாரோடதா இருந்தா எனக்கென்ன? கோலு என்னோடதுதானே? இப்ப கோடு போட்டு அடிச்சாச்சு. இனி அந்தக் கோலை யாருமே போடலே கவுண்டரே."

கண்டக்டர் விசில் அடித்தார். அவன் ஏறி, நான் நின்ற பக்கத்து ஜன்னல் காலியாக இருந்தும் எதிர்ப் பக்கத்து ஜன்னலில் போய் உட்கார்ந்தான்.